பட்டம் பெற்ற பின் வீடா, விடுதியா?

கல்லூரிப் படிப்பு முடிந்து பட்டம் பெற்றவர்கள் பெற்றோருடனேயே வாழ வேண்டுமா, வெளியூர் சென்று தனித்து வாழலாமா? பத்தாம் வகுப்பில் படிக்கும் நமக்கு இக்கேள்வி இப்போது எதற்கு என்று சிலர் நகைக்கலாம். ஆனால் இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் இது நம் வீட்டு வாசலிலும் வந்து நிற்கும்.

பெற்றோருடன் வாழ்வதில் நன்மைகள் பல உண்டு. முதல் சம்பளம் பெரும்பாலும் சிறிது. வாடகைக்கும் சாப்பாட்டிற்கும் போக மிஞ்சுவது கொஞ்சமே. வீட்டிலிருந்தால் கல்விக் கடனை விரைவில் அடைக்கலாம். தம்பி தங்கையரின் படிப்பிற்கு உதவலாம். காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி வைத்துத் தர அம்மா இருக்கிறார்.

ஆயினும் எல்லா ஊரிலும் வேலை கிடைப்பதில்லை. சென்னை, கோவை, ஓசூர் என்று வேலை இருக்குமிடம் தேடி நாம்தான் செல்ல வேண்டியுள்ளது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் பட்டதாரிகள். அண்ணனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததும் புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்து ரயிலேற்றி விட்டார்கள். தங்கைக்குச் சென்னையில் வேலை கிடைத்தபோது, "பெண் பிள்ளை தனியாகப் போவதா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்றார்கள். அந்த அக்காவின் வேலை உத்தரவு இன்றும் பீரோவில்தான் இருக்கிறது. அவர் பெற்றோருடன்தான் வாழ்கிறார். ஆனால் அது அவர் விரும்பி ஏற்ற வாழ்வா?

பெற்றோரின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யலாகாது. அதற்கு வழியும் உண்டு. கன்னியர் நடத்தும் மகளிர் விடுதிகள் பல ஊர்களில் உள்ளன. தமிழ்நாடு அரசும் 'தோழி' என்னும் பெயரில் வேலைக்குச் செல்லும் மகளிர்க்கு விடுதிகள் நடத்துகிறது.

பெற்றோரைப் பேணுவதற்கென்று நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர், வளர்ந்த பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பிள்ளைகள் என்னும்போது மகனோடு மகளையும் சேர்த்தே அச்சட்டம் கூறுகிறது. ஒரே வீட்டில்தான் வாழ வேண்டும் என்று அது சொல்லவில்லை. கடமையில் மகளுக்கும் பங்கு உண்டு என்றால், அக்கடமையைச் செய்யப் பொருளீட்டப் புறப்படும் உரிமையிலும் அவளுக்குப் பங்கு வேண்டுமல்லவா?

ஆகவே தோழியரே, வீட்டில் இருந்தால் பெற்றோருக்குச் சுமையாக இராமல் துணையாக இருப்போம். வெளியூர் சென்றால் அவர்களை மறவாமல் இருப்போம். எது நல்லது என்பதை அவர்களுடன் அமர்ந்து பேசியே முடிவு செய்வோம். அப்போது, "உனக்கு என்ன விருப்பம்?" என்று அண்ணனிடம் கேட்பதை நம்மிடமும் கேட்கட்டும்.