கிளம்பாத மோட்டார்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவர்)

நம் கல்லூரியில் கடற்கரை ஊர்க்காரர் சிலரே. ஆகவே அவுட்போர்டு மோட்டார் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வள்ளத்தின் பின்புறம் மாட்டி, கயிற்றை இழுத்துக் கிளப்பும் சிறு எஞ்சின் அது. எங்கள் குமரி மாவட்டக் கரையில் அது பெட்ரோலில் கிளம்பும். சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடும்.

சென்ற ஆண்டு ஓர் இரவு நடுக்கடலில் வலை சிக்கிக்கொள்ளவே, என் தந்தையார் மோட்டாரைச் சட்டென்று நிறுத்தினார். வலையை அறுத்தெடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பிறகு மோட்டார் கிளம்பவில்லை. உள்ளங்கை உரியும்வரை கயிற்றை இழுத்தாராம். நீவாடு என்று நாங்கள் சொல்லும் கடலோட்டம் வள்ளத்தை இழுத்துச் சென்றது. விடிந்தபின் வேறொரு வள்ளத்தார் கண்டு கட்டியிழுத்து வந்தனர். அதுவரை அம்மாவும் நானும் கரையிலேயே நின்றிருந்தோம்.

அதன் காரணத்தை நான் விளங்கிக்கொண்டது எரிபொருள் பாடத்தின்போதுதான். பெட்ரோல் 0 டிகிரிக்கு மிகக் கீழேயும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 டிகிரியாவது வேண்டும். நிறுத்தும்போது கார்புரேட்டரில் தங்கிவிட்ட மண்ணெண்ணெய், எஞ்சின் ஆறியபின் பொறி பட்டாலும் பற்றாது. அதனால்தான் நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும் என்பார்கள்.

தவறிவிட்டால்? கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி மண்ணெண்ணெயை வடித்துவிட்டுப் பெட்ரோலை ஏற்றவேண்டும். அதற்கு முன் அற்பமானவற்றையும் பார்ப்பது நல்லது: நிறுத்தும் சுவிட்சின் கயிறு கழன்றிருக்கிறதா, கியர் நியூட்ரலில் உள்ளதா, டாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? பின்னர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுக. உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. நனைந்திருந்தால் துடைத்து, அதன் உலோக உடலை எஞ்சினில் தொடவைத்துக் கயிற்றை இழுத்தால் நீலப்பொறி தெரியவேண்டும். பிளக் கழற்றிய துளையருகே மட்டும் இதைச் செய்யலாகாது. உள்ளிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும்.

தந்தையாருக்கு இவையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அன்று பெட்ரோல் கேன் காலி. மானியத்தில் கிடைப்பது மண்ணெண்ணெய். பெட்ரோலைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். சூடாக இருக்கும்போது மண்ணெண்ணெயிலேயே கிளம்பிவிடும் என்று நம்பிப் போயிருக்கிறார்.

இப்போது வள்ளத்தில் ஒரு லிட்டர் பெட்ரோல் தனிக் கேனில் இருக்கிறது. கரையில் அதை யாரும் தொடக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.