ரப்பரைக் கீழே வை

அக்கா மகள், கல்யாணப் படம் எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்தாள். நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் படத்தைத் திறந்து வைத்திருந்தாள். கோயில் குளத்துப் படிக்கட்டில் மணப்பெண், பின்னால் கோபுரம், அதற்கு மேலே வெறும் தாள் மாதிரி வெளுத்துப்போன வானம். முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் வானம் போய்விடுகிறது, வானத்துக்கு வைத்தால் முகம் கறுத்துவிடுகிறது. எடுத்தவர் விவரமானவர். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அசைக்காமல் இரண்டு படம் எடுத்திருந்தார். ஒன்றில் முகம் சரி, மற்றதில் மேகம் சரி.

மேகம் உள்ளதைக் கீழ் லேயராகவும், முகம் உள்ளதை அதன்மேல் இன்னொரு லேயராகவும் போட்டு, மேல்படத்து வானத்தை இவள் ரப்பரால் தேய்த்து எடுத்திருக்கிறாள். கூடவே கோபுரக் கலசம் இரண்டும் போய்விட்டன. கவனிக்காமல் சேமித்து மூடியும் விட்டாள்.

"கலசத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா மாமா?"

"இந்த ஃபைல்ல முடியாதும்மா. முதல்லேர்ந்து ஆரம்பிப்போம். ஆனா இந்தத் தடவை ரப்பரைத் தொடாதே."

ரப்பர் தேய்த்த இடத்தில் படம் இல்லாமலே போகிறது. லேயர் மாஸ்க் அப்படியில்லை. படம் முழுதாக அங்கேயே இருக்கும், எந்த இடம் தெரிய வேண்டும் என்பதை மட்டும் மாஸ்க் சொல்லும். ஃபோட்டோஷாப்பில் லேயர் பட்டியலுக்கு அடியில், சதுரத்துக்குள் வட்டம் போட்ட ஒரு சின்னம் இருக்கிறது. அதை அமுக்கினால் லேயரின் குட்டிப்படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளைச் சதுரம் வந்து உட்காரும். அதுதான் மாஸ்க். அதில் கறுப்பு பூசினால் அந்த இடத்தில் மேல்படம் மறைந்து கீழ்ப்படம் தெரியும். வெள்ளை பூசினால் மேல்படம் திரும்பி வரும். கலசம் தவறிப்போனால் வெள்ளையை எடுத்து ஒரு தீற்று தீற்றினால் போதும்.

இவ்வளவும் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். "கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்" என்று ஸ்டுடியோவில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தும் ஏன் ரப்பருக்குப் போனாள்? மாஸ்க்கை லைட் சுவிட்சு மாதிரி நினைத்திருக்கிறாள். எரியும், இல்லாவிட்டால் அணையும், நடுவில் ஒன்றும் இல்லை. அப்படிப் பார்த்தால் ரப்பருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாதுதான்.

டீயை ஆற்றிக்கொண்டே கணக்காகச் சொன்னேன். சாதாரண எட்டு பிட் படத்தில் கறுப்பு 0, வெள்ளை 255. நடுவே எல்லாம் சாம்பல், மொத்தம் 256 படி. ஒரு புள்ளியில் மேல்படத்தின் வெளிச்சம் 200, கீழ்ப்படத்தின் வெளிச்சம் 100 என்று வைத்துக்கொள். மாஸ்க் அங்கே 255 என்றால் நமக்குத் தெரிவது 200. மாஸ்க் 0 என்றால் 100. மாஸ்க் 128 என்றால் ஏறக்குறைய 150. மாஸ்க் 64 என்றால் 125. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு படமும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்று எழுதிவைத்த சீட்டு அது.

என் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தவர். டார்க் ரூமில் என்லார்ஜருக்கும் தாளுக்கும் நடுவே, சைக்கிள் கம்பி நுனியில் ஒட்டிய வட்ட அட்டையைப் பிடித்திருப்பார். அட்டை நிழல் விழுந்த இடத்தில் வெளிச்சம் குறைந்து, முகம் சற்று வெளுத்து வரும். அட்டையை ஒரு நொடிகூட நிறுத்தமாட்டார். நிறுத்தினால் அதன் ஓரம் கோடாக விழுந்துவிடும். ஆட்டிக்கொண்டே இருந்தால் ஓரம் கரைந்து, கை வைத்ததே தெரியாது. இன்று மென்மையான ஓரமுள்ள பிரஷ்ஷில், பெயின்ட் இறங்கும் அளவான ஃப்ளோவைப் பத்து சதவீதத்துக்குக் குறைத்து, ஒரே இடத்தில் நாலைந்து முறை மெதுவாகத் தடவும்போது நான் செய்வது அந்தக் கம்பி வேலையைத்தான்.

வெளுத்த வானம் அப்பாவுக்கும் முந்தைய தொல்லை. 1850களில் பிரான்சின் புகைப்படக்காரர் குஸ்தாவ் லு கிரே கடலைப் படம் எடுத்தபோது இதே சிக்கல். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாகக் கூசும். அலை சரியாக வந்தால் வானம் வெந்துபோகும். அவர் கடலை ஒரு நெகட்டிவ்விலும் மேகத்தை இன்னொன்றிலும் எடுத்து, ஒன்றை மறைத்து மற்றதை அச்சிட்டு, ஒரே தாளில் சேர்த்தார். அவருக்கு அடிவானம் நேர்கோடு. எங்களுக்கோ கோபுரம் வானத்துக்குள் ஏறி நிற்கிறது.

அதனால் மாஸ்க்கில் மேலிருந்து கீழாக, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் கிரேடியன்ட் இழுத்தால் வேலை முடியாது, கோபுர உச்சியும் சேர்ந்து இருண்டுவிடும். இங்கேதான் நான் அவளுக்குச் சொல்ல விரும்பிய விஷயம் வந்தது. மாஸ்க்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். படத்துக்கு என்னென்ன செய்வாயோ, அத்தனையும் மாஸ்க்குக்கும் செய்யலாம். மங்கலாக்கலாம், கான்ட்ராஸ்ட் ஏற்றலாம், தலைகீழாக்கலாம். கையால் வரைந்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. மணப்பெண்ணின் படத்துக்குள்ளேயே அவளுக்கான மாஸ்க் இருக்கிறது.

படத்தின் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் சேனல்களைத் திறக்கச் சொன்னேன். நீலச் சேனலில் வானம் வெள்ளையாகவும், கல்லும் தோலும் கூந்தலும் கறுப்புப் பக்கமாகவும் நிற்கும். அதை ஒரு பிரதி எடுத்து, வெளிச்சத்தையும் இருட்டையும் சரிசெய்யும் லெவல்ஸில் இரு முனையையும் நெருக்கினால் வானம் முழு வெள்ளை, கோபுரம் முழுக் கறுப்பு. நமக்கு வேண்டியது இதற்கு எதிர் என்பதால் தலைகீழாக்கி மாஸ்க்காக வைத்தோம். காற்றில் பறந்த முடி ஒவ்வொன்றும், கோபுரத்துச் சுதைப் பொம்மைகளின் விரல்கூட, தானாக வெட்டுப்பட்டு வந்தது. அவள் டீயை மறந்துவிட்டாள்.

ஒரே ஒரு குறை. பெண்ணின் தலையில் மல்லிகை. அதுவும் வெள்ளைதானே! மாஸ்க்கில் பூச்சரம் முழுக்க ஓட்டையாகி, அதன் வழியே கீழ்ப்படம் இருண்டு தெரிந்தது. கண்ணின் வெண்விழியும் அப்படியே. வெள்ளை பிரஷ்ஷால் அவற்றை மூடினாள், இரண்டு நிமிட வேலை.

மூடும்போது ஒருமுறை பெண்ணின் கன்னத்தில் வெள்ளை பெயின்ட் அப்பியது. எல்லாருக்கும் நடக்கும் தவறு இது. குட்டிப்படம் இரண்டில் எதைச் சுற்றிக் கட்டம் இருக்கிறதோ அதில்தான் பிரஷ் ஓடும். மாஸ்க்கை ஒருமுறை தட்டிவிட்டுத் தொடங்கு என்றேன். ஃபோட்டோஷாப்பில் எக்ஸ் விசை கறுப்பையும் வெள்ளையையும் மாற்றும். ஆல்ட் பிடித்து மாஸ்க்கைத் தட்டினால் மாஸ்க் மட்டும் தெரியும், விட்டுப்போன ஓட்டைகள் கண்ணில் படும். பின்சாய்கோட்டு விசையை அமுக்கினால் மறைந்த பகுதி சிவப்பாகத் தெரியும். அச்சுத் தொழிலில் மறைக்கப் பயன்பட்ட மாணிக்கச் சிவப்பு ஃபிலிமின் நினைவு அது. அங்கே படம் பதியும் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. ஆகவே அதற்கு மாணிக்கச் சிவப்பு கறுப்பு, வெட்டுகிறவர் கண்ணுக்கோ கண்ணாடி.

இவள் பிறப்பதற்கு முன் நிலைமை வேறு. 1990இல் வந்த ஃபோட்டோஷாப்பில் லேயரே கிடையாது. 1994இல் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. பல படி பின்னோக்கிச் செல்லும் வசதி 1998இல், ஐந்தாம் பதிப்பில். அதுவரை கடைசியாகச் செய்த ஒன்றை மட்டும்தான் திரும்பப் பெற முடியும். காசு கொடுக்க முடியாதவர்களுக்கு கிம்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதிலும் லேயரின் மேல் வலது கிளிக் செய்தால் இதே மாஸ்க்.

கடைசியில் ஓரம் பார்த்தோம். கோபுரத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு, பழைய வானத்தின் மிச்சம். மாஸ்க்கை ஒரு பிக்சல் மங்கலாக்கி, லெவல்ஸில் நடு முக்கோணத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினாள். ஓரம் உள்ளே சுருங்கிக் கோடு மறைந்தது. கலசம் இரண்டும் மேகத்துக்கு முன்னால் நின்றன. ஜேபெக்காகச் சேமிக்கப் போனவளைத் தடுத்து, முதலில் பிஎஸ்டி ஒன்று போட்டுக்கொள் என்றேன். ஜேபெக்கில் மாஸ்க் தங்காது. பெண் வீட்டார் ஆல்பம் பார்த்துவிட்டு, அந்த மேகம் கொஞ்சம் குறைந்தால் தேவலை என்று சொல்லக்கூடும்.