எழுதுகோலைக் கீழே வைக்காதவர்கள்

நம் வீட்டுப் பிள்ளையொன்று, "நான் கதை எழுதப் போகிறேன்" என்று சொன்னால் நாம் முதலில் கேட்பது என்ன? "அதனால் என்ன வருமானம்?" என்பதுதானே! கேள்வியில் நியாயம் உண்டு. தமிழில் எழுத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தியவர் மிகச் சிலரே. ஆயினும், பிழைப்பையும் விடாமல் எழுத்தையும் விடாமல் வாழ்ந்து காட்டியவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள்.

நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தை எண்ணிப் பாருங்கள். 1917-இல் பிறந்த அவர் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரையே. இளமையிலேயே கணவரை இழந்தார். அவரது 'காதலா கடமையா' என்னும் நாவல் 1938-இல் வெளிவந்தபோது, அதற்கு முன்னுரை வழங்கியவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர். பள்ளி தராத கல்வியை அவருக்கு வாசிப்பு தந்தது.

அடுத்து, தோப்பில் முஹம்மது மீரான். குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்தவர். பள்ளியில் பயின்றது மலையாளம். பேச்சோ கடற்கரைத் தமிழ். தமிழ் எழுத்தில் தேர்ச்சி குறைவாயிருந்தும் அவர் தயங்கவில்லை. பிறர் துணையோடு தம் படைப்புகளைத் தமிழில் எழுத்தாக்கினார். நெல்லையில் மிளகாய் வற்றல் வணிகம் செய்துகொண்டே எழுதினார். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-இல் நூலாயிற்று. 'சாய்வு நாற்காலி' 1997-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. 2019-இல் அவர் மறைந்தார்.

இவ்விருவரிடமும் எழுத விரும்புவோர் கற்க வேண்டியவை பல.

முதலாவது, அறிந்ததை எழுதுதல். மீரான் கதைக்களம் தேடி அயலூர் செல்லவில்லை. ஊர்ப் பெரியதனக்காரரின் செருக்கு, ஆங்கிலப் பள்ளிக்கு எழுந்த எதிர்ப்பு, முன்னோர் சொத்தை விற்றுத் தின்னும் சோம்பல் ஆகிய தாம் அறிந்த வாழ்வையே எழுதினார்.

இரண்டாவது, மக்களின் மொழியை மதித்தல். பாட்டிமார் பேசும் சொல்லைக் கொச்சை என்று ஒதுக்கினால், அச்சொல்லோடு ஒரு வாழ்க்கையும் மறைந்துபோகும்.

மூன்றாவது, துணிவு. தன் சமுதாயத்தின் குறையை எழுதுபவன் அதன் பகைவன் அல்லன். காயத்தைக் கழுவும்போது எரியத்தான் செய்யும். எனினும் எழுதுபவனின் உள்ளத்தில் அன்பு இல்லையேல் அது வெறும் வசையாகிவிடும்.

நான்காவது, இடைவிடா உழைப்பு. ஓய்வு கிடைத்தபின் எழுதலாம் என்றிருப்பவர்க்கு ஓய்வு கிடைப்பதேயில்லை. நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். எழுதியதைச் சில நாள் கழித்து எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். நாவு இடறும் இடத்தில்தான் வாக்கியம் பழுதுபட்டிருக்கும். கூசாமல் அடித்துத் திருத்துங்கள்.

பெற்றோர்களே, சகோதரிகளே! அடுக்களை வேலை முடிந்து ஒரு பெண் தாளும் பேனாவும் எடுத்தால், அந்த அரைமணி நேரத்தை அவளுக்கு விட்டுக்கொடுங்கள். நம் தெருக்களும் கல்யாண வீடுகளும், கடல் கடந்து பொருளீட்டச் சென்றவர்களின் பிரிவும் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அவற்றை நாமே எழுதாவிட்டால், அறியாதவர் எழுதுவார்கள். அல்லது எவருமே எழுதாமல் அவை மறைந்துபோகும். பின்னர் நம் பேரப்பிள்ளைகள் கேட்டால் எடுத்துக் காட்ட நம்மிடம் என்ன இருக்கும்?