உஷார்! உங்கள் ட்ரோன் பேசுவது ஊருக்கே கேட்கிறது

ப்ராஜெக்டுக்காக இரண்டு மூன்று ட்ரோன்களைச் சேர்த்துப் பறக்கவிடும் பிள்ளைகளே, ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவை தங்களுக்குள் பேசிக்கொள்வதை வேறு யாரும் கேட்கவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது இது. மாணவன் ஒருவன் லேப்டாப்பில் டெலிமெட்ரி ரேடியோவைச் செருகினான். மேப் வந்தது. பேட்டரி அளவு வந்தது. உயரம் 40 மீட்டர் என்று காட்டியது. அவனுடைய ட்ரோனோ இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது!

திரையில் தெரிந்தது பக்கத்து அணியின் ட்ரோன். இரண்டு அணிகளுமே ரேடியோவை வாங்கியது வாங்கியபடி மாட்டியிருந்தன. ரேடியோக்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் நெட் ஐடி 25. ட்ரோனின் எண்ணான சிஸ்டம் ஐடி 1. நல்ல பிள்ளை, ஓடிப்போய்ச் சொன்னான். வம்புக்காரன் கையில் கிடைத்திருந்தால்? மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஒரே ஒரு கட்டளை போதும். கீழே யார் தலை இருந்ததோ!

அந்த ரேடியோ வழியே ஓடுவது மேவ்லிங்க் என்னும் ட்ரோன் மொழி. அதில் என்கிரிப்ஷன் கிடையாது. ட்ரோன் இருக்கும் இடம், போகப்போகும் பாதை எல்லாம் வெட்டவெளியில் போகிறது. மேவ்லிங்க் 2-ல் கையொப்ப வசதி இருக்கிறதே என்பீர்கள். அது பொய்க் கட்டளையைத்தான் தடுக்கும். ஒட்டுக்கேட்பதைத் தடுக்காது! விவரம் தெரிந்தவர்களே கோட்டைவிடும் இடம் இதுதான்.

ராணுவமே ஏமாந்த கதை தெரியுமா? ஈராக்கில் அமெரிக்க பிரிடேட்டர் ட்ரோன்கள் அனுப்பிய வீடியோவைக் கிளர்ச்சிக்காரர்கள் 26 டாலர் மென்பொருளை வைத்துப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். 2009-ல் விஷயம் வெளியே வந்தது. அந்த வீடியோவுக்கும் என்கிரிப்ஷன் இல்லை.

ஒட்டுக்கேட்பவன் தடயம் விடமாட்டான். ட்ரோன் ஆடாது, அசையாது. ஆகவே அறிகுறியை வானத்தில் தேடாதீர்கள், செட்டிங்கில் தேடுங்கள்.

நெட் ஐடி இன்னும் 25 தானா? ஆபத்து. மாற்றுங்கள், ஆனால் மாற்றியதோடு தூங்கிவிடாதீர்கள், அது ரகசிய எண் அல்ல. வைஃபை, பாஸ்வேர்ட் கேட்காமலே இணைகிறதா? பெரிய ஆபத்து. அப்படிப்பட்ட ட்ரோன்களை இன்னொரு ட்ரோனை அனுப்பியே வசப்படுத்தலாம் என்று 2013-லேயே செய்து காட்டிவிட்டார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸ் அனலாக் வீடியோவா? அதே சேனலை வைத்தவர் எல்லாருக்கும் உங்கள் படம் இலவசம்.

ஏஇஎஸ் என்கிரிப்ஷன் உள்ள ரேடியோவாகப் பார்த்து வாங்குங்கள். அந்த என்கிரிப்ஷனை ஆன் செய்ய மறக்காதீர்கள். எல்லா ட்ரோனுக்கும் ஒரே என்கிரிப்ஷன் கீ வேண்டவே வேண்டாம்! ஒன்று புதரில் விழுந்து தொலைந்தால், எடுத்தவன் மற்ற எல்லாவற்றின் பேச்சையும் கேட்பான். தொலைந்த அன்றைக்கே கீயை மாற்றுங்கள். புதிய கீயை வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்!