ஆடிப் பட்டம் இங்கே எந்த மாதம்?

“ஆடிப் பட்டம் தேடி விதை” என்ற பழமொழியைத் தமிழ்ப்பள்ளியில் படித்த நாம் எல்லாரும் மனப்பாடம் செய்திருப்போம். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் புவியியல் பாடத்தில் வேறொன்றைப் படித்தோம். மலேசியா பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் உண்டு. நான்கு பருவங்கள் கிடையாது. இரண்டையும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டோம். ஆனால் கிள்ளானில் உள்ள ஒரு வீட்டுத் தோட்டத்தில் மிளகாய் நடுவதற்கு ஏற்ற மாதம் எது என்று கேட்டால், இந்த இரண்டு பாடங்களிலும் விடை இல்லை.

விடை என் பாட்டியிடம் இருந்தது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். லயத்து வீட்டுக்குப் பின்னால் காய்கறி போட்டுப் பழகிய கை. இன்று கிள்ளானில் உள்ள எங்கள் தரை வீட்டின் பின்புறத்தில் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, ஒரு மாமரம், மல்லிகைப் பந்தல், மிளகாய், வெண்டை, பயற்றங்காய், கீரை என்று ஒரு சிறு உலகத்தை நடத்துகிறார். நான் படிப்புக்காகப் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் தங்கியிருக்கிறேன். வார இறுதியில் கிள்ளான் போகும்போதெல்லாம் அவர் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன்.

முதல் பக்கத்தில் இருப்பது இதுதான்: “ஊர்ல மழையத் தேடி விதைச்சாங்க. இங்க மழை விடுற நேரத்தத் தேடி விதைக்கணும்.”

ஏன் அப்படி?

தமிழ்நாட்டில் ஆடி மாதம் ஜூலை நடுப்பகுதியில் தொடங்குகிறது. அப்போது விதைத்தால் தென்மேற்குப் பருவமழையின் பிற்பகுதி கிடைக்கும்; தொடர்ந்து ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் வரும். தண்ணீர் அரிதான நிலத்தில் அது சரியான கணக்கு. சென்னையில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை அநேகமாக இருக்காது. கோலாலம்பூரில் மிகவும் காய்ந்த மாதத்தில்கூட 100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது.

நம் பகுதியின் கணக்கு வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, சுமத்ராவின் மலைகள் நமக்கு வரும் மழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச் வரை வீசுகிறது. கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளத்தில் தவிக்கும் அந்தக் காலத்தில், தித்திவங்சா மலைத்தொடர் நமக்குக் குடை பிடிக்கிறது. காற்று திசை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை உச்சத்தைத் தொடுகிறது. பிப்ரவரியை ஒட்டியும் ஜூன், ஜூலையிலும் குறைகிறது. ஆக, ஓர் ஆண்டில் இரண்டு மழைக்காலம், இரண்டு இடைவெளி. நமக்கும் பருவங்கள் இருக்கின்றன. அவற்றை வெப்பமானியில் தேடாமல் மழையில் தேட வேண்டும்.

தோட்டம் காட்டும் நாட்காட்டி

தை, மாசி மாதங்களில் மழை குறையும்போது மல்லிகை கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. மழைக்காலம் முடியும் தறுவாயில் பாட்டி அதைக் கவாத்து செய்துவிடுவார். புதுத் தளிர் வந்தால்தான் புது மொட்டு. மிளகாயும் தக்காளியும் காய்க்க வேண்டிய நேரம் இதுவே. தொடர்மழையில் பூ உதிரும், காய் அழுகும். அதனால் நவம்பரில் கூரைக்கடியில் நாற்று விட்டு, டிசம்பர் கடைசியில் நடுகிறார். மார்ச்சில் பழம் பறிக்கிறோம்.

மாமரம் பூப்பதும் இந்த இடைவெளியில்தான். குளிர்காலம் உள்ள நாடுகளில் குளிர் மாமரத்தைப் பூக்க வைக்கும். நம்மிடம் குளிர் இல்லாததால், இலைகள் முற்றிய மரம் சில வாரங்கள் தண்ணீர் குறைந்தால் பூக்கிறது. டுரியானும் ரம்புத்தானும் இதே வகை. பூத்து மூன்று, நான்கு மாதங்களில் பழம் வரும். பிப்ரவரி, மார்ச்சோடு அதைக் கூட்டிப் பாருங்கள்: ஜூன், ஜூலை. சாலையோரத்தில் டுரியான் கடைகள் முளைக்கும் மாதங்கள் அவைதாம். அந்தக் கடைகளின் தேதியைத் தீர்மானிப்பது நான்கு மாதங்களுக்கு முந்தைய வெயில்.

டுரியான் பூ மாலையில் மலர்ந்து இரவில் மகரந்தச் சேர்க்கைக்குக் காத்திருக்கும். அதைச் செய்பவை தேன் குடிக்கும் வௌவால்கள். பத்துமலைக் குகைகளில் வாழும் ஒருவகை வௌவால்களை 1970களில் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அவை உணவு தேடிப் பல கிலோமீட்டர் பறந்து, கடலோரச் சதுப்புநிலக் காடுகள் வரை போவது தெரியவந்தது. டுரியான் பூக்காத மாதங்களில் அவற்றுக்கு உணவு தருபவற்றில் வாழைப்பூவும் ஒன்று. தைப்பூசத்துக்கு நாம் படியேறும் மலைக்கும் நம் வீட்டுப் பின்புற வாழைக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

பங்குனியில் பிற்பகல் இடி தொடங்கும். அதற்குச் சற்று முன்னால் வெண்டை, பயற்றங்காய், பூசணி விதைகள் மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்பது பாட்டியின் விதி. வேர் பிடித்துவிட்டால் சித்திரை மழையை அவை தாங்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில நாள்களில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து பலத்த காற்றோடு மழை வரும். பயற்றங்கொடிக்கு நட்ட கம்பு சாய்வது அப்போதுதான்.

ஆடியில் இங்கே தோட்டத்துக்கு வாளியும் கையுமாக நிற்க வேண்டும். சில ஆண்டுகளில் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் பள்ளிகளையே மூட வைத்த புகை அது. இலையில் படியும் தூசைக் கழுவிவிட்டால் செடிக்கு வெளிச்சம் கிடைக்கும். ஆடியில் விதைப்பவர் நிறைய நீர் சுமக்கத் தயாராக இருக்க வேண்டும். அடுத்த பட்டம் இங்கே புரட்டாசியில்.

ஐப்பசி, கார்த்திகை கீரைகளின் காலம். கங்கோங், பொன்னாங்கண்ணி, வல்லாரை, சேம்பு எல்லாம் தண்ணீரில் மகிழ்பவை. முருங்கை இலையாகத் தழைக்கும், காய் குறைவு. “இப்ப கீரையச் சாப்பிடு, காயத் தையில கேளு” என்பார் பாட்டி.

மண்ணும் ஒரு பாடம்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே மண்ணைப் பற்றியது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் முதலில் தீயிலும் பிறகு வெள்ளத்திலும் சிக்கியது. அதன்பின் மரத்துக்கும் அத்தாப்புக்கும் பதிலாகச் செங்கல்லில் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். செங்கல்லுக்கு உகந்த களிமண் செடிக்கு எளிதல்ல. நீரைப் பிடித்து வைத்து வேரை மூச்சுமுட்டச் செய்யும். நான் ஐந்தாம் மாடித் தாழ்வாரத்தில் வைத்திருக்கும் ஐந்து தொட்டிகளில் தோட்டமண்ணோடு மணலும் மக்கிய இலையும் கலந்திருப்பது இதனால்தான்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். காய்ந்த தட்டில் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். எனவே வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டுவதோடு தட்டைத் தேய்த்தும் கழுவ வேண்டும். டிங்கிக் காய்ச்சல் கண்ட வீட்டுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

சிமெண்டா, மண்ணா?

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. மூன்றாவது கார் வந்துவிட்டது, நிறுத்த இடமில்லை, பின்புறத்தில் பாதியைச் சிமெண்டு போட்டால் என்ன என்று மாமா கேட்கிறார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. சாலையோரத்தில் கார் நிறுத்தி அண்டை வீட்டாரோடு மனஸ்தாபம் கொள்ள யாருக்கும் விருப்பமில்லை.

ஆனால் 2021 டிசம்பர் 18ஆம் தேதியை யாரும் மறக்கவில்லை. அன்று பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை தண்ணீர் ஏறியது. அவ்வளவு மழையை ஒரு வீட்டுத் தோட்டம் தடுத்திருக்காது. எனினும் சிமெண்டில் விழும் மழை நேரே சாக்கடைக்கு ஓடுகிறது; மண்ணில் விழுவதில் ஒரு பங்காவது உள்ளே இறங்குகிறது. ஒவ்வொரு தாமானிலும் எத்தனை பின்புறங்கள் இப்படி மூடப்பட்டுவிட்டன என்று எண்ணிப் பார்த்தால், ஒரு வீட்டின் முடிவு அந்த வீட்டோடு நிற்பதில்லை என்று புரியும். நான் என் குறிப்பேட்டை மாமாவிடம் காட்டினேன். மாமரமும் மல்லிகைப் பந்தலும் உள்ள பக்கத்தை விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். வெண்டைப் பாத்தியின் கதை இன்னும் முடிவாகவில்லை.

இடம் போனால் பாட்டி அதைப் பொறுத்துக்கொள்வார். தோட்டம் விட்டு வந்தபோதும் பொறுத்துக்கொண்டவர்தான். எனக்குக் கவலை அவருடைய கணக்கைப் பற்றி. இங்கு வந்த முன்னோர்கள் பழமொழியின் மாதத்தை விட்டுவிட்டு, வானத்தைப் பார்த்து விதைக்கும் அதன் கருத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். புதிய மண்ணில் இரண்டு, மூன்று தலைமுறை சோதித்துக் கண்ட அந்த அறிவு எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை.

ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் போதும். தேதி, மழை பெய்ததா, எது பூத்தது, எது அழுகியது என்று வாரம் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் பாட்டியோ தாத்தாவோ சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே பக்கத்தில் குறித்து வையுங்கள். ஓர் ஆண்டு முடிந்ததும், உங்கள் தாமானுக்கென்று ஒரு விதைப்பு நாட்காட்டி உங்கள் கையில் இருக்கும்.