நினைவும் எச்சரிக்கையும்: சிமெலுவே தீவின் ‘ஸ்மோங்’ வழக்காறு

முன்னுரை

வாய்மொழி வழக்காறு கடந்த காலத்தைப் பேணுவதோடு அமையாது, வருங்காலத்தில் செய்யத்தக்கதையும் கற்பிக்க வல்லது. இதற்குச் சுமத்ராவின் மேற்குக் கடலில், இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தைச் சார்ந்த சிமெலுவே தீவு சான்றாகிறது. அத்தீவின் ‘ஸ்மோங்’ வழக்காற்றைத் தமிழ்க் கடல்கோள் மரபோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லும் கதையும்

1907 சனவரி 4ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலை, சிமெலுவேயில் பெரும் உயிரிழப்பை விளைவித்தது. தீவு மக்கள் அதனை ‘ஸ்மோங்’ என்றனர். பிழைத்தோர் அந்நிகழ்வை ‘நஃபி-நஃபி’ என்னும் வாய்மொழிக் கதையாகத் தம் மக்களுக்கும் பேரர்களுக்கும் கூறினர். கதையின் கட்டமைப்பு எளியது. நிலம் வலிதாக நடுங்கும், கடல் உள்வாங்கும், அலை வரும், ஆகவே நடுக்கம் உணர்ந்தவுடன் மேட்டுநிலத்திற்கு ஓட வேண்டும். அறிகுறி, விளைவு, செயல் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கியமையே இவ்வழக்காற்றின் வலிமை எனலாம்.

2004ஆம் ஆண்டின் சோதனை

2004 திசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தின் மையத்திற்கு மிக அருகில் இருந்த நிலப்பகுதிகளுள் சிமெலுவேயும் ஒன்று. தீவின் வடகரையிலுள்ள லாங்கி என்னும் ஊரை ஏறத்தாழ 8 நிமிடங்களில் அலை அடைந்தது. இந்தியப் பெருங்கடலில் அன்று ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை அமைப்பு இல்லை; இருந்திருப்பினும் அந்த இடைவெளி போதியதன்று. எனினும் ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த தீவில் உயிரிழந்தோர் எழுவரே. ஊர்களுக்கு அருகே குன்றுகள் இருந்தமையும் இதற்குத் துணைபுரிந்தது. ஆயின் குன்றை நோக்கி ஓடச் செய்தது கதையே. இந்நிகழ்விற்குப் பின் ‘நன்டோங்’ என்னும் இசைப்பாடல் வடிவிலும் ஸ்மோங் பரவலாகப் பாடப்பட்டு வருகிறது.

தமிழ்க் கடல்கோள் மரபு

தமிழ் மரபில் கடல்கோள் நினைவு பழமையானது. பாண்டியர் நிலத்தைக் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரமும், தலை, இடைச் சங்கங்களின் நகரங்கள் அழிந்ததை இறையனார் களவியல் உரையும் சுட்டுகின்றன. மணிமேகலை, இந்திரவிழா கைவிடப்பட்டதைப் புகாரின் அழிவிற்குக் காரணமாக்குகிறது. இவை இழப்பையும் அதன் அறக்காரணத்தையும் பேணுகின்றன. அலைக்கு முந்தைய அறிகுறியை முதன்மைப்படுத்தவில்லை. இலக்கியமாக அது குறையன்று. இவற்றின் நோக்கம் வேறு.

2004இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலநடுக்கத்திற்கும் அலைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணிநேரம் இருந்தும், தொலைவின் காரணமாகத் தமிழகக் கரையில் வலிய நடுக்கம் இல்லை. எனவே ஸ்மோங் கதையின் முதல் அறிகுறி இங்கு அவ்வாறே பொருந்தாது. வழக்காற்று அறிவு அதனை ஈன்ற நிலத்தோடு பிணைந்தது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

முடிவுரை

ஸ்மோங் கதையை அப்படியே இரவல் பெறுவதால் பயன் சிறிது. அதன் கட்டமைப்பைக் கற்பது பெரும்பயன் தரும். தமிழகக் கடற்கரையின் 2004ஆம் ஆண்டு வாய்மொழிச் சான்றுகளைத் தொகுக்கும் ஆய்வாளர், ஒப்பாரியும் இழப்பும் மட்டுமன்றி, கடலில் முதலில் கண்ட மாற்றம் எது, பிழைத்தோர் எத்திசையில் ஓடினர் என்பவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். ஸ்மோங் மூன்று தலைமுறைகளைக் கடந்து வந்தது கேட்டவர் மீண்டும் சொன்னதனாலேயே. நேரில் கண்டோர் வாழும் காலத்திலேயே இத்தொகுப்புப் பணி நிறைவேறுதல் இன்றியமையாதது.