வெள்ளத்தில் மருத்துவமனை எவ்வளவு தொலைவு?

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானபோது, உல்லாஸ் ஆறும் உல்லாஸ்நகர் வழியே ஓடும் வால்துனி ஆறும் கரை கடந்து, மும்பையை அடுத்த கல்யாண் வட்டாரக் குடியிருப்புகளைச் சூழ்ந்தன. இத்தகைய வேளையில் மருத்துவமனையின் தொலைவைக் கிலோமீட்டரில் அளப்பதில் பொருளில்லை. சாலை, ஆறு, மருத்துவமனை, மக்கள்தொகை ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக ஒரே வரைபடத்தில் பொருத்தும் கணினி ஏற்பாடான புவியியல் தகவல் முறைமை, மேகத்தையும் ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள் படங்களின் துணையால் நீரில் மூழ்கிய சாலைகளைக் கண்டு நீக்கி, எஞ்சிய வழிகளில் ஆகும் பயண நேரத்தைக் கணக்கிட உதவுகிறது. எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் மருத்துவமனைகூட, பாலம் மூழ்கினால், சுற்றுவழியில் சில மணி நேரத் தொலைவாகிவிடலாம். நெருக்கமான கட்டடங்களுக்கிடையே தேங்கும் நீரை ரேடார் தவறவிடுவதுண்டு என்பதால், களத்திலிருந்து வரும் செய்திகளும் அவ்வரைபடத்தில் சேர்க்கப்படுகின்றன.